ஆளுக்கொரு டவல், ஆளுக்கொரு பார்ட்டிஷன்

அந்த மறுவாழ்வு இல்லத்தில் டவலக்காவின் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டுந்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் டவலக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் முகம் துடைத்த டவலாலேயே அடுத்த கட்டில்காரரின் முகத்தையும் துடைக்கப் போன பணிப்பெண்ணை, வராந்தாவின் அந்த முனை வரைக்கும் கேட்கும்படி ஒரு பிடி பிடித்தாள். அன்று பிடித்த பிடி இன்னும் விடவில்லை. ஆளுக்கொரு டவல், ஆளுக்கொரு தம்ளர், ஆளுக்கொரு சீப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒவ்வொரு நிற நூல். ஒருவர் நூல் இன்னொருவர் கட்டிலில் தென்பட்டால் அன்று யாருக்கும் நிம்மதி கிடையாது. ஆனால் சொறி சிரங்கு என்ற பேச்சே அந்தக் கட்டிடத்தில் எழுந்ததில்லை. அதனால் அவளை எதிர்த்துப் பேசவும் யாருக்கும் வாயில்லை.

வேலையில் புலி. பக்கவாதத்தில் கட்டையாகக் கிடக்கிற ஆளை, தன் முழங்காலை மெத்தையில் ஊன்றி ஒரே உருட்டில் திருப்பிப் போடுவாள். படுக்கைப்புண்ணுக்கு அறிகுறியாக முதுகில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "ம், பவுடர் போட்ட பாப்பா மாதிரி இருக்கு" என்று தட்டிக்கொடுப்பாள். விழுங்கத் தெரியாதவருக்குக் கஞ்சியைச் சரியான பதத்தில் கெட்டியாக்கி, அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக ஊட்டுவாள். பரிதாபப்பட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. "அழறதுக்கு ஆள் நெறைய இருக்காங்க, தூக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்பாள்.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் பொறுப்புக்கு வந்தது தனிக் கதை. நடைப் பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் படம் பிடித்து வைக்க இல்லத்தில் ஒரு பழைய பெட்டி இருந்தது. அதை முடுக்கிவிட்டு ஒரு சுற்று வார்டைப் பார்த்துவிட்டு வந்தாலும் இன்னும் கண் விழித்திருக்காது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பழைய பெட்டியும் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். "போட்டுட்டு யார் பாத்துக்கறது?" என்று மேனேஜர் கேட்டதும் கூடியிருந்தவர்கள் தரையின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் டவலக்கா. "மனுஷங்களையே பாத்துக்கறேன். ஒரு பெட்டியப் பாத்துக்க மாட்டேனா?"

அவளுக்கு ஒரு தங்கச்சி. ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை. அந்தத் தைரியந்தான்.

முதல் சண்டை, அந்தப் பெட்டிக்குப் புதிதாக ஹார்டு டிஸ்க் வாங்கிய கடையில். அட்டைப்பெட்டியில் ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி என்று போட்டிருந்தது. மாட்டிப் பார்த்தால் இயந்திரம் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்றது. அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

"மீதி எங்க?"

"குறையலம்மா. நாங்க ஆயிரம் ஆயிரமா எண்றோம். மெஷின் ஆயிரத்து இருபத்து நாலு ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. சரக்கு ஒண்ணுதான்."

"ஓ, நீங்க சின்னப் படி, அது பெரிய படி. அத டப்பா மேல எழுதினா மை தீந்துடுமா?"

கடைக்காரர் ஒரு மவுஸ் பேடைக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

அடுத்தது லினக்ஸைப் போடுவது. தங்கச்சி போனில் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "முழு டிஸ்கையும் எடுத்துக்கவான்னு கேக்கும். ஆமான்னு சொல்லிட்டு விட்டுடு, மிச்சத்த அது பாத்துக்கும்" என்றவளை அவளுடைய மேலதிகாரி கூப்பிட, போனை வைத்துவிட்டாள். திரையில் அந்தக் கேள்வி வந்தது. அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது: நீங்களே பிரித்துக்கொள்கிறீர்களா?

டவலக்காவின் கண் அந்த வரியில் ஒட்டிக்கொண்டது. பார்ட்டிஷன் என்றால் டிஸ்குக்குள் எழுப்புகிற சுவர் என்பதைத் தங்கச்சி முன்பே சொல்லியிருந்தாள். ஒரே டிஸ்கைப் பல அறைகளாகத் தடுக்கலாம். ஓர் அறையில் இருப்பது இன்னோர் அறைக்குள் வழியாது. ஆகா, ஒருவர் அழுக்கு இன்னொருவருக்குப் போகாது! இப்படி ஒரு சுத்தமான ஏற்பாடு ஒரு இயந்திரத்துக்குள் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இயந்திரத்தின் சொந்த உபயோகத்துக்கு என்று ஓர் அறையை ஒதுக்கினாள். மீதி இடத்தை இல்லத்தில் இருந்த முப்பது பேருக்கும் சமமாக, ஒரு நூல் கூடாமல் குறையாமல், வெட்டிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் சூட்டினாள். கண்டக்டர், தையல்காரம்மா, போஸ்ட்மேன், பாட்டு வாத்தியார். முதன்முதலாக யாரையாவது படம் பிடிக்கும்போது அவருடைய அறையைத் திறந்து, இயந்திரத்தின் பேரில் இருக்கும் உரிமையைத் தன் பேருக்கு மாற்றி எழுதுகிற கட்டளையையும் எங்கோ படித்துத் தானே கற்றுக்கொண்டாள். திரையில் முப்பது குட்டி டிஸ்குகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்து, கல்யாண மண்டபத்தில் இலை போட்டு முடித்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. டவலை யார் யாருக்குத் தனியாகக் கொடுத்தோம் என்று யாராவது போன் போட்டுச் சொல்வார்களா?

மாதங்கள் ஓடின. எல்லாம் பளபளவென்று நடந்தது, கண்டக்டர் விஷயத்தில் விதி வேறு கணக்குப் போடும்வரை.

கண்டக்டர் ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் நின்றே பிழைத்தவர். அவர் குரலுக்கு அடுத்த பஸ்ஸில் இருப்பவர்களே உள்ளே நகர்ந்து நிற்பார்களாம். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது "ம்", "போ" இரண்டுதான். பசித்தாலும் "போ", வலித்தாலும் "போ", பிரியம் மேலிட்டாலும் "போ". பேச்சுப் பயிற்சி டீச்சர் வாரத்துக்கு ஒரு முறை வந்து அவரோடு உட்காருவாள். பயிற்சி முழுவதும் நீளமாகப் படம் பிடிக்கப்பட்டு அவருடைய அறைக்குள் போய்ச் சேரும்.

பயிற்சி தொடர வேண்டுமானால் தலைமை அலுவலகக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். முதல் வாரப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி உண்டு. தெரியாவிட்டால், கண்டக்டர் "ம்", "போ" இரண்டோடும் மீதிக் காலத்தை ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். படங்களை வாங்கிப் போக இல்லத்து டாக்டர், கடைசிப் படம் எடுக்கிற அன்று காலையே வருவதாகச் சொல்லியிருந்தார். கண்ணால் பார்க்காததைக் கமிட்டி நம்பாது என்றும் சொல்லியிருந்தார்.

அந்த நாளும் வந்தது. டீச்சர் கேமராவை வைத்தாள். கண்டக்டருக்குத் தலை வாரி, சட்டைப் பித்தானைப் போட்டு, சக்கர நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினாள் டவலக்கா. பதிவுப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. டிஸ்கில் இடமில்லை.

"இடமில்லையா?" டவலக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவ்ளோ பெரிய டிஸ்கு! கடைக்காரன்கிட்ட சண்ட போட்டு வாங்கினது!"

கண்டக்டர் அறையின் பழைய படங்கள் எல்லாவற்றையும் பிடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மறுபடி அழுத்தினாள். இடமில்லை. தங்கச்சிக்குப் போன் போட்டு, டீச்சருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டேண்டி. இன்னமும் ஃபுல்லுங்குது."

"குப்பைக்கூடைய அதே ரூமுக்குள்ளயே வெச்சுட்டு ரூம் காலியாயிடுச்சுன்னா எப்படிக்கா? கூடைய வெளிய கொட்டினாத்தான் எடம் வரும்."

டவலக்கா கொட்டப் போனாள். டீச்சர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா! முதல் வாரப் படமும் அதுக்குள்ளதான் கெடக்கு!"

டவலக்கா சட்டென்று கையை எடுத்துவிட்டாள். கூடையிலிருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

"சரி, பதறாத" என்றாள் தங்கச்சி. "அந்தக் கறுப்புத் திரை இருக்கில்ல, டெர்மினல், அதத் தொற. டிஎஃப்னு அடி. ஒரு எடம் விடு. மைனஸ், ஹெச். என்ட்டர தட்டு. எந்த பார்ட்டிஷன் எவ்ளோ பெருசு, எவ்ளோ ரொம்பியிருக்கு, எவ்ளோ காலின்னு வரிசையாச் சொல்லும். படி."

டவலக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "கண்டக்டர், நூறு சதவீதம். போஸ்ட்மேன், ரெண்டு சதவீதம். பாட்டு வாத்தியார், மூணு. தையல்காரம்மா, ஒண்ணு..."

"இரு, இரு. யாருக்கா இவங்கள்லாம்?"

"நம்ம ஆளுங்கதான். ஆளுக்கொரு பார்ட்டிஷன் போட்டு வெச்சிருக்கேன். யாரும் யாரோடதுலயும் கை வெக்கறதில்ல."

போனில் ஏதோ தண்ணீர்க் குழாய் திறந்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. தங்கச்சி சிரிக்கிறாள்.

"ஏண்டி, இதுல என்னடி சிரிப்பு?"

"அக்கா... ஐயோ அக்கா... டிஸ்கு மொத்தமும் காத்தாடுது! ஒரே ஒரு ரூமு மட்டும் பிதுங்கி வழியுது! நீ ஹார்டு டிஸ்க் வெச்சிருக்கியா, லேடீஸ் ஹாஸ்டல் நடத்தறியா?"

டவலக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கண்டக்டர் திறந்துவிட்டார்.

அவர் அவ்வளவு நேரமும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒருவன் நூறு சதவீதம் நெரிசலில் நிற்கிறான், பின்னால் வரிசையாக ஒன்றும் இரண்டும் மூன்றும். இந்தக் கோலத்தை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். அவருடைய நல்ல கை எழுந்து திரையைக் காட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"உள்ள போ! உள்ள... பின்னாடி... காலி!"

டீச்சரின் பேனா தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. போனில் தங்கச்சி, "யார்க்கா அது?" என்றாள்.

"கண்டக்டர்டி! கண்டக்டர் பேசறாரு!" டவலக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவர் தலை ஆடியது. டீச்சர் கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, ரெக்கார்டு ஆச்சா?"

"எடமே இல்லைங்கறான், எதுல ஆகும்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கண்டக்டரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் டீச்சர் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"சார், இப்ப சொன்னீங்களே, இன்னொரு தடவ சொல்லுங்க. உள்ள..."

"ம்" என்றார் கண்டக்டர்.

"பின்னாடி..."

"போ" என்றார், மிகுந்த பிரியத்தோடு.

"கேட்டா வராதுக்கா" என்று எழுந்தாள் டீச்சர். "அவரு ஆயிரம் தடவ சொல்லிச் சொல்லி ஊறிப்போன பேச்சு. மூளையில அதோட வழியே தனி. அந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் வந்தா தானா வந்து விழும். வர்றப்ப கேமரா ஓடிட்டிருக்கணும்."

டாக்டர் எந்த நேரமும் வந்துவிடுவார்.

"வேற யாரோட பார்ட்டிஷன்லயாவது போட்டுக்கோக்கா" என்றாள் தங்கச்சி. "எங்க சேமிக்கணும்னு ரெக்கார்டர்ல மாத்தினாப் போதும்."

"இன்னொருத்தர் எடத்துலயா?"

"அது டவல் இல்லக்கா!"

டவலக்கா ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பல வருஷத்துப் பிடிவாதம் லேசில் விடவில்லை. "கேக்காம எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

தையல்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு எலும்பு ஒட்டவைத்தவர். நடைப் பயிற்சியைப் படம் பிடிக்க ஒரு நாளும் விட்டதில்லை. நான் நடக்கிற அழகை வேறு நாலு பேர் பார்க்க வேண்டுமா என்பார். அதனால்தான் அவருடைய அறை காலி; அந்த ஒரு சதவீதமும் அறை எழுப்பும்போதே இயந்திரம் தனக்கென்று எழுதிவைத்தது.

"கம்ப்யூட்டர்ல உங்களுக்கு ஒரு எடம் இருக்கும்மா. சும்மாதான் கெடக்கு. கண்டக்டர் படத்த அதுல வெச்சுக்கலாமா?"

ஊசி அந்தரத்தில் நின்றது. "எனக்கு எடம் இருக்கா? இத்தன நாளா சொல்லவே இல்ல?"

"நீங்கதான் படமே எடுக்க விடலையே."

"எவ்ளோ பெருசு?"

"மத்தவங்களுக்கு இருக்கற அளவுதான். எல்லாருக்கும் சமம்."

"கண்டக்டருக்கும் எனக்கும் ஒரே அளவா? அவரு ரொப்பிட்டாரு, நான் காலியா வெச்சிருக்கேன்." தையல்காரம்மாவின் முகம் சொத்து கிடைத்த முகமாக மலர்ந்தது. "தாராளமா வெச்சுக்கோ. ஆனா நான் வந்து பக்கத்துல நிப்பேன். என் எடத்துல என்ன வெக்கறாங்கன்னு நான் பாக்க வேணாமா?"

வாக்கரை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வழியில் யாரையும் விடாமல், "கண்டக்டர் பேசிட்டாராம், என் எடத்துலதான் படம் எடுக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். போஸ்ட்மேன் கம்பை எடுத்தார். பாட்டு வாத்தியார் செருப்பைத் தேடாமலேயே கிளம்பினார். வராந்தா முழுக்க வாக்கர் சத்தம், கம்பு சத்தம், சக்கரச் சத்தம்.

டவலக்கா சேமிக்கும் இடத்தைத் தையல்காரம்மா என்று மாற்றினாள். அனுமதி இல்லை என்றது இயந்திரம்.

"அவங்களே குடுத்துட்டாங்க, நீ யாரு குடுக்க மாட்டேங்கறதுக்கு?" என்றவளுக்கு உடனே உறைத்தது. யாரும் புழங்காத அறை, உரிமையை இன்னும் மாற்றி எழுதவில்லை. அந்த மருந்து அவள் கையிலேயே இருந்தது. கட்டளையை அடித்தாள், கடவுச்சொல்லைக் கொடுத்தாள். கதவு திறந்தது. பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்று எரிய ஆரம்பித்தது.

படம் ஓடுகிறது. பேச்சுத்தான் ஓடவில்லை. டீச்சர் படங்களைக் காட்டினாள், பெயர்களைச் சொன்னாள், தாளம் தட்டினாள். கண்டக்டர் "ம்", "போ" என்பதைத் தாண்டி வரவில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் சளைக்காமல் மினுக்கியது.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. முதலில் வந்த போஸ்ட்மேன் நிலைப்படியில் கம்பை ஊன்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அறை பாதி காலி. வாசலில் எள் போட்டால் விழ இடமில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். எப்படியோ இரண்டு வாக்கர்களுக்கு நடுவே புகுந்து நிலைப்படி வரை வந்து, அதற்கு மேல் நகர முடியாமல் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் டவலக்கா. யாரும் அசையவில்லை.

கண்டக்டர் திரும்பி வாசலைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ, முதுகு நிமிர்ந்தது. நல்ல கையால் சக்கர நாற்காலியின் பக்கத்தகட்டில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். டண், டண்!

"படியில நிக்காத! உள்ள போ! பை... பைய எறக்கு சார்! உள்ள போ, உள்ள எடம் இருக்கு! பின்னாடி காலி! எல்லாம் காலி!"

டாக்டர் பையை இறக்கினார். எத்தனை படிப்புப் படித்தவராக இருந்தால் என்ன, அந்தக் குரலுக்கு அவர் கால்கள் தாமாக நகர்ந்து அறையின் கடைக்கோடிக்குப் போய் நின்றன. போஸ்ட்மேன் நகர்ந்தார், பாட்டு வாத்தியார் நகர்ந்தார், எல்லாரும் நகர்ந்தார்கள். கடைசி வாக்கர் உள்ளே ஏறியதும் கண்டக்டர் ஒரு முறை தலையை எண்ணுவது போலப் பார்த்துவிட்டு,

"ரைட்!" என்றார்.

பிறகு எழுந்த கூச்சலில் பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்களாம். டீச்சர் டாக்டரின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு வாத்தியார் சும்மா இருப்பாரா, பாட ஆரம்பித்துவிட்டார். "பதிவாச்சா?" என்று டாக்டர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

டவலக்கா மட்டும் கொண்டாடவில்லை. பதிவை நிறுத்தி, கோப்பைத் திறந்து, பஸ் கிளம்புவதைக் காது குளிரக் கேட்டு, மூடினாள். பிறகு டிஎஃப் அடித்துப் பார்த்தாள். தையல்காரம்மா, இரண்டு சதவீதம்.

"ஒண்ணா இருந்தது ரெண்டாச்சு" என்றாள். "ஆச்சு டாக்டர். ஆயிடுச்சு."

"இனிமே அவரு பேசறதெல்லாம் என் எடத்துலதான் வெக்கணும்" என்றார் தையல்காரம்மா. "போஸ்ட்மேன் எடத்துல வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன், நடக்கறதே வேற."

கமிட்டி சம்மதித்தது. அந்தப் படத்தை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்கள் என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த விடுமுறை நாளில் தங்கச்சி நேரிலேயே வந்தாள். எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தார்கள். நகல்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் அக்கா ஒரு சுவரையும் தொட விடவில்லை. அதன் பிறகு முப்பது சுவர்களையும் இடித்து ஒரே கூடமாக ஆக்கினார்கள். கூடத்துக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். பூட்டு வேறு, பெயர் வேறு, இடம் மட்டும் பொது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விரிந்துகொள்ளும்.

"அலமாரி தனித்தனி, ஹால் ஒண்ணுன்னு வெச்சுக்கோ" என்றாள் தங்கச்சி. "இப்ப டிஎஃப் அடி பாப்போம்."

டவலக்கா அடித்தாள். முப்பது பேர் வரிசை போய் ஒரே வரி நின்றது.

"எவ்ளோக்கா ரொம்பியிருக்கு?"

"ஏழு சதவீதம்." அவளாலேயே நம்ப முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "எல்லாரையும் ஒண்ணா வெச்சும் ஏழுதாண்டி!"

தங்கச்சி சிரித்து முடித்து, சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிவிட்டு, எதிரே கொடியில் கிடந்த டவல் ஒன்றில் கையைத் துடைக்கப் போனாள்.

"அது பச்ச நூலு!" என்று பாய்ந்தாள் டவலக்கா. "கண்டக்டரோடது! வெய்யி கீழ!"

"ரைட்!" என்றார் கண்டக்டர், ஜன்னலோரத்திலிருந்து.